கடற்கரையும் தொகுப்பு மேசையும்

திருகோணமலையில் கோணேசர் ஆலயம் அமைந்துள்ள சுவாமிமலையின் விளிம்பில் நின்று நோக்கும் ஒருவருக்குக் கடலும் வானும் குடாவும் கோட்டையும் ஒரே பார்வையில் அகப்படுகின்றன. கண்ணுக்கு இஃது எளிது. கண் வேண்டாதவற்றை விலக்கி, வேண்டியவற்றை மட்டும் மனத்துக்கு அனுப்பும் இயல்புடையது. கமராவுக்கு அந்தப் பகுத்தறிவு இல்லை. வில்லைக்கு எதிரே உள்ள அனைத்தையும் அது வேறுபாடின்றிப் பதிந்துகொள்ளும்; வில்லைக்கு அப்பால் உள்ளதை, அஃது எத்துணைச் சிறப்புடையதாயினும், அறவே அறியாது. இந்த வேறுபாட்டை உணராமல் படமெடுக்கப் புறப்படும் மாணவர், ஆழம் அறியாமல் காலை விட்டவர் ஆகின்றனர்.

குறும்படம் எடுப்பது இன்று மாணவரிடையே பரவியுள்ள ஒரு கலைப் பயிற்சியாகும். ஒரு காலத்தில் இதற்கு வேண்டிய கருவிகள் செல்வர்க்கும் நிறுவனங்களுக்கும் மட்டுமே உரியனவாயிருந்தன. இன்று ஒரு கைத்தொலைபேசியும் ஒரு கணினியும் போதும். ஆயினும் கருவி மலிந்த அளவுக்குத் தொழில் எளிதாகிவிடவில்லை. துறைமுகத்தை அண்டிய ஊர்களில் படம்பிடிக்க முனையும் மாணவர் எதிர்கொள்ளும் இடர்கள் இரண்டு இடங்களில் தோன்றுகின்றன. ஒன்று கடற்கரை, மற்றது தொகுப்பு மேசை. கரையில் செய்த பிழை மேசையில்தான் வெளிப்படும். அப்பொழுது கரைக்குத் திரும்பிச் சென்று அதனைத் திருத்துதல் பெரும்பாலும் இயலாது.

மாணவப் பருவத்தில் எடுத்த ஒரு சிறு படம் ஒருவரின் வாழ்க்கையையே மாற்றக்கூடும் என்பதற்குக் கிழக்கு மாகாணத்திலேயே சான்று உண்டு. மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் 1939ஆம் ஆண்டு பிறந்தவர் பாலு மகேந்திரா. பள்ளிச் சிறுவனாயிருந்தபோது சுற்றுலா சென்ற இடத்தில், ஆங்கில இயக்குநர் டேவிட் லீன் 'குவாய் நதிப் பாலம்' படத்தை எடுத்துக்கொண்டிருந்ததைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. இயக்குநர் ஒரு சொல் சொன்னதும் செயற்கை மழை கொட்டியதாம். அந்த வியப்பே தம்மைத் திரைத்துறைக்கு இழுத்தது என்று அவர் பிற்காலத்தில் பலமுறை கூறியிருக்கிறார். 1966ஆம் ஆண்டு அவர் பூனாவிலிருந்த திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு மாணவராகச் சேர்ந்தார். அக்கல்லூரி, பழைய பிரபாத் படப்பிடிப்பு நிலையத்தின் வளவில் 1960ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அங்கே படிப்பின் நிறைவாக அவர் எடுத்த குறும்படத்தின் பெயர் 'எ வியூ ஃபிரம் த ஃபோர்ட்' என்பது. கோட்டையிலிருந்து ஒரு காட்சி என்பது அதன் பொருள். மலையாள இயக்குநர் ராமு காரியாட் அதனைக் கண்டு மகிழ்ந்து, தமது 'நெல்லு' என்னும் படத்துக்கு அவரையே ஒளிப்பதிவாளராக்கினார். பிற்காலத்தில் புகழ்பெற்ற இயக்குநராகிய பின்னரும், பாலு மகேந்திரா தம் படங்களுக்குத் தாமே ஒளிப்பதிவு செய்து, தாமே தொகுத்தும் வந்தார். எடுப்பவனும் தொகுப்பவனும் ஒருவனாகவே இருந்தால் எடுக்கும்போதே தொகுப்பு மனத்தில் நடக்கும். மாணவர் கற்கவேண்டிய முதற் பாடம் இதுவேயாகும்.

இப்பாடம் கடற்கரையில் எவ்வாறு பயன்படும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். மாணவர் குழு ஒன்று கரைவலைத் தொழிலைப் பற்றிப் பத்து நிமிடக் குறும்படம் எடுக்க எண்ணுவதாகக் கொள்ளலாம். கயிற்றின் ஒரு நுனியைக் கரையிலே விட்டுத் தோணி கடலுக்குள் செல்லும். வலையை அரைவட்டமாக வளைத்துவிட்டு, மறு கயிற்றின் நுனியைச் சற்றுத் தொலைவில் உள்ள வேறோர் இடத்திற் கரை சேர்க்கும். இரு கயிறுகளையும் இரு அணியினர் இழுப்பர். இழுக்க இழுக்க இரண்டு அணிகளும் ஒன்றையொன்று நெருங்கி வரும். இறுதியில் மீனுடன் மடி கரையேறும். இதற்குச் சில மணி நேரம் செல்லும். கைகள் ஒரே கதியில் இழுப்பதற்காகத் தொழிலாளர் பாடிய பாட்டுக்கு அம்பா என்று பெயர்.

இத்தகைய நிகழ்ச்சியைப் படமாக்குவதில் ஒரு பெருந் தொல்லை உண்டு. நாடக மேடையிலே நடிகரை மீண்டும் ஒருமுறை நடிக்கச் சொல்லலாம். கரையேறிய மடியை மீண்டும் கடலுக்குள் தள்ளுங்கள் என்று சம்மாட்டியிடம் எவர் கேட்பது? அவருக்கு அது படமன்று, அன்றாடச் சோறு. ஆகவே அந்தக் கணத்தில் கமரா தவறான இடத்தில் நின்றால் அன்றைய காட்சி போயிற்று. அம்பாவும் அவ்வாறே. அண்மைக் காலத்தில் பல கரைகளில் உழவு இயந்திரத்தோடு பொருத்திய சுழலிகள் கயிற்றை இழுக்கத் தொடங்கின; அங்கெல்லாம் பாட்டுக்குத் தேவை இல்லாமற் போயிற்று. கிண்ணியாவுக்குச் செல்வோர் ஒரு காலத்தில் பாதையில் ஏறி நீரைக் கடந்தனர். 2009ஆம் ஆண்டு பாலம் திறக்கப்பட்டதும் அந்தப் பயணம் நின்றது. பாதையில் நின்ற மக்களின் முகங்களை அன்று படம்பிடித்தவர்களிடம் மட்டுமே அக்காட்சி இன்று உண்டு. மாணவர் குறும்படம் ஒரு பயிற்சிதான். ஆயினும் சில வேளைகளில் அதுவே ஓர் ஊரின் ஒரே சாட்சியாக எஞ்சிவிடும்.

மீண்டும் நிகழாத ஒன்றை எடுக்கச் செல்பவர்க்கு ஆயத்தமே அரண். உருசிய நாட்டுப் புரட்சிக்குப் பின் 1919ஆம் ஆண்டு மாஸ்கோவில் அரசினர் திரைப்படப் பள்ளி தோன்றியபோது, அங்கே படச்சுருளுக்குப் பெரும் பஞ்சம் நிலவியது. லெவ் குலெஷோவ் என்னும் இளம் ஆசிரியர் அதனால் சோர்ந்துவிடவில்லை. தம் மாணவர்களைக் கொண்டு 'படச்சுருள் இல்லாத படங்கள்' நடத்தினார். கமராவில் சுருள் இல்லாமலே காட்சிகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக நடித்துக் காட்டச் செய்தார். ஒரு காட்சியின் பின் எது வரவேண்டும் என்பதை அம்மாணவர் அவ்வாறு கற்றனர். புகழ்பெற்ற இயக்குநர் புடொவ்கின் அவர்களுள் ஒருவர்.

கரைவலை எடுக்கச் செல்லும் குழுவும் இதனைச் செய்யலாம். முதல் நாள் கமராவைத் தொடாமல் கரையில் அமர்ந்து, தொழில் தொடங்கி முடியும் வரை பார்த்திருக்க வேண்டும். தோணி எப்பொழுது புறப்படுகின்றது, கயிறு எங்கே சுருட்டப்படுகின்றது, மடி வரும்போது பெண்களும் பிள்ளைகளும் எந்தப் பக்கத்திலிருந்து ஓடிவருகின்றனர் என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் நாள், எடுக்கவேண்டிய காட்சித்துண்டுகளின் பட்டியல் தாளில் இருக்கவேண்டும். மூன்றாம் நாளே படப்பிடிப்பு. அவசரக்காரர்க்கு இது வீண் வேலையாகத் தோன்றும்; தொகுப்பு மேசையில் அமரும்போது இதன் அருமை விளங்கும்.

அடுத்துக் கருதவேண்டியது வெளிச்சம். திருகோணமலை நகரம் கடல்களுக்கு இடைப்பட்ட ஒரு நிலக்கழுத்தில் அமைந்துள்ளது. கிழக்கே திறந்த கடலும் டச்சுக் குடாவும்; மேற்கே உட்துறைமுகம். காலையிற் கதிரவன் கடலிலிருந்து எழுகின்றான். அப்பொழுது கரையில் நின்று கடல்பக்கமாகக் கமராவைத் திருப்பினால், கடல் ஒளிரும். அதன் முன் நிற்கும் மனிதரின் முகம் கருநிழலாகிவிடும். முகம் தெரியவேண்டுமாயின் கமரா கடலை முதுகுக்குப் பின்னே வைத்துக் கரையை நோக்க வேண்டும். அல்லது பிற்பகல் வரை காத்திருக்க வேண்டும். மாலையில் இந்நிலை தலைகீழாகும். மறையும் கதிரவனை உட்துறைமுகப் பக்கத்தில் காணலாம். ஆகவே வெளிச்சம் சரியில்லை என்று வருந்தும் மாணவர் சிறிது தூரம் நடந்தாலே போதும். நகரின் மறுபுறத்தில் வேறொரு வெளிச்சம் காத்திருக்கும்.

நண்பகல் ஒளி மிகக் கொடியது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்டு முடிவிலும் கதிரவன் திருகோணமலையின் உச்சிக்கு நேராக வருகின்றான். அவ்வேளையில் நெற்றி வெளுத்துக் கண்குழிகள் இருண்டுபோகும். அந்திப்பொழுதோ அழகியது, ஆனால் வெப்ப வலயத்தில் அது மிகக் குறுகியது. கதிரவன் மறைந்தபின் படமெடுக்கத்தக்க வெளிச்சம் ஏறக்குறைய இருபது நிமிடமே நிற்கும். அந்த இருபது நிமிடத்தில் முக்காலியின் காலைச் சரிசெய்து கொண்டிருப்பவர் இருளைத்தான் படம்பிடிப்பர்.

பருவத்தையும் மறத்தலாகாது. வாடைக் காற்று வீசும் மாதங்களில், சிறப்பாக நவம்பரிலும் டிசம்பரிலும், கீழைக்கடல் கொந்தளிக்கும், மழையும் விடாது. ஏப்ரல் தொடங்கிச் செப்டம்பர் வரை கடல் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். எனினும் ஜூன், ஜூலை மாதங்களில் நிலத்திலிருந்து கடலை நோக்கிக் கச்சான் அடிக்கும். வறண்டு வெதும்பிய அக்காற்று மணலை அள்ளி வில்லைமேல் வீசுவதோடு ஒலிவாங்கியையும் நிறைத்துவிடும். படத்திலே தெளிவாகத் தோன்றும் முதியவர் வாயசைப்பார்; அவர் சொன்ன சொல்லோ காற்றிரைச்சலில் மூழ்கிப்போயிருக்கும். ஒலிவாங்கிக்கு உரோம உறை இடுதலும், அதனைப் பேசுபவரின் அருகே கொண்டுசெல்லுதலும், ஊரார் இழுப்பு முடிந்து நிழலில் ஓய்ந்திருக்கும்போது உரையாடலைத் தனியே பதிந்துகொள்ளுதலும் இதற்குரிய பரிகாரங்கள்.

ஒலியையும் ஒளியையும் ஒரே வேளையில் பிடித்தாக வேண்டும் என்னும் விதி ஏதும் இல்லை. இலங்கையைப் பற்றி எடுக்கப்பட்ட படங்களுள் உலகப் புகழ்பெற்றது பேசில் ரைட்டின் 'சோங் ஒஃப் சிலோன்' என்னும் செய்திப்படம். 1934ஆம் ஆண்டு முடிந்த அப்படத்தின் காட்சிகள் இந்நாட்டிலே ஒலியின்றிப் பிடிக்கப்பட்டன. ஒலிக்கோவை இலண்டனில் வால்டர் லீ என்னும் இசைஞரின் துணையுடன் ஆக்கப்பட்டது. லயனல் வென்ட் குரல் கொடுத்தார். அவர் வாசித்தது, இராபர்ட் நொக்ஸ் 1681ஆம் ஆண்டு வெளியிட்ட நூலின் பகுதிகள். பிறிதோர் இடத்தில், பிறிதோர் வேளையில் ஆக்கிய ஒலி காட்சிக்கு எத்துணை ஆழம் தரக்கூடும் என்பதை அப்படம் காட்டிற்று. அம்பாப் பாட்டை ஒரு முழு இழுப்பின்போது கமரா இன்றியே பதிந்து வைத்திருக்கும் மாணவர், தொகுக்கும்போது செல்வராவர்.

திருகோணமலைக் கடலோ இதனினும் கடிய சோதனையை வேறு சிலர்க்கு வைத்தது. 1956ஆம் ஆண்டு ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமிமலையின் அடியில் மூழ்கி, போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டில் இடித்த பழைய ஆலயத்தின் செதுக்கிய கற்களை நீருக்கடியிற் கண்டனர். அதன்பின் வில்சன் இயக்கிய 'ரன் முத்து தூவ' 1962ஆம் ஆண்டு திரைக்கு வந்தது. முதலாவது முழுநீள வண்ணச் சிங்களப் படமான அதன் நீரடிக் காட்சிகள் திருகோணமலைக் கடலில் எடுக்கப்பட்டன. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. ஐந்து, பத்து மீற்றர் ஆழத்துக்குள்ளேயே செம்மை மங்கி, அனைத்தும் நீலமும் பச்சையுமாகிவிடும். நீருக்குள் இருப்பவர்க்கு இயக்குநரின் குரல் கேளாது, சைகையே மொழி. மூச்சுக்காற்றுக்கும் படச்சுருளுக்கும் எல்லை உண்டு. நூறு அடி நீளமுள்ள பதினாறு மில்லிமீற்றர்ச் சுருள் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஓடும்; முப்பத்தைந்து மில்லிமீற்றராயின் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். அக்காலத்தவர் பொத்தானை அழுத்துமுன் பத்து முறை எண்ணியதில் வியப்பில்லை.

கரையில் கவனிக்கவேண்டியன இன்னும் இரண்டு. முதலாவது அனுமதி. திருகோணமலை கடற்படைத் தளம் அமைந்த துறைமுகம். பிரட்றிக் கோட்டைக்குள் தரைப்படையினர் தங்கியுள்ளனர். எங்கே படமெடுக்கலாம், எங்கே ஆகாது என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு அறியாத குழு, முழு நாளையும் வாயிற்காவலில் இழக்க நேரும். இரண்டாவது திசை ஒழுங்கு. கயிற்றின் ஒரு பக்கத்தில் நின்று எடுத்தால் இழுப்பவர் இடமிருந்து வலமாக இழுப்பர். கமரா கயிற்றைத் தாண்டி மறுபக்கம் சென்றுவிட்டால் அதே மனிதர் வலமிருந்து இடமாக இழுப்பர். இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டினால், காண்போர்க்கு இரண்டு அணியும் கயிறு இழுக்கும் போட்டியில் இறங்கியதுபோல் தோன்றும். கயிற்றைத் தாண்டலாகாது என்னும் ஒரு விதியை நினைவிற் கொண்டால் இந்தக் குழப்பம் நேராது.

இனித் தொகுப்பு மேசை. சுருளுக்குப் பஞ்சம் இருந்த காலம் போய், இன்று மிகுதியே துன்பமாயிற்று. மூன்று கைத்தொலைபேசிகளில் ஒவ்வொன்றிலும் இரண்டு மணி நேரம் பதிந்துவந்த குழுவுக்கு, ஒருமுறை பார்த்து முடிக்கவே ஆறு மணி நேரம் வேண்டும். அதிலிருந்து எடுக்கவேண்டியது பத்து நிமிடம். முப்பத்தாறில் ஒரு பங்கு. எனவே முதல் வேலை வெட்டுவதன்று, பெயரிடுவது. எந்தத் துண்டில் என்ன உள்ளது, எந்த நிமிடத்தில் நல்ல முகம் வருகின்றது என்று ஒரு கொப்பியில் எழுதவேண்டும். அதற்கும் முன்னர், பதிந்த அனைத்தையும் இரண்டு வெவ்வேறு இடங்களிற் படியெடுத்து வைக்கவேண்டும். கடலுப்பும் மணலும் புகுந்த கருவி எந்நேரமும் செயலிழக்கலாம்.

மாணவரைத் திகைக்கவைக்கும் மற்றொரு நோய், உதடும் ஒலியும் பிரிந்து செல்லுதல். கமராக்கள் சில விநாடிக்கு இருபத்தைந்து படங்களையும், சில முப்பது படங்களையும் பதிவன. பல கைத்தொலைபேசிகள் இந்த எண்ணிக்கையைத் தாமே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். தனியே பதிந்த ஒலியை அத்தகைய காட்சியோடு சேர்த்தால், தொடக்கத்தில் பொருந்தி, ஐந்து நிமிடத்தில் விலகிவிடும். எல்லாக் கருவிகளையும் ஒரே எண்ணிக்கையில் நிறுத்தி, ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் ஒருவர் கமராவுக்கு முன் உரக்கக் கைதட்டினால் பொருத்துவது எளிது. கை சேரும் படமும் தட்டும் ஓசையும் ஒன்றாகும் இடமே இணைப்பின் தொடக்கம்.

முதல் தொகுப்பு எப்பொழுதும் நீண்டுவிடும். பத்து நிமிடப் படம் நாற்பது நிமிடமாய் நிற்கும். இங்கேதான் நெஞ்சுறுதி வேண்டும். அதிகாலையில் எழுந்து, முழங்காலளவு நீரில் நின்று எடுத்த சூரியோதயம் மிக அழகியதாயிருக்கும். ஆயினும் அது கதைக்கு எதுவும் சேர்க்கவில்லையாயின் விலகத்தான் வேண்டும். காண்பவர் அறிவது திரையில் உள்ளதை மட்டுமே. எடுத்தவரின் நனைந்த உடையை அவர் அறியார். மறுபுறத்தில், எடுக்காமல் விட்ட அற்பப் பொருள்கள் அப்பொழுது அருமையாகிவிடும். கயிற்றைப் பற்றிய கை, மணலில் ஊன்றிய குதிகால், காத்திருக்கும் காகம், கூடையின் விளிம்பு முதலிய சிறு காட்சிகள் இருந்தால் ஒரு மணி நேர இழுப்பை ஒரு நிமிடத்தில் சொல்லலாம். அவை இல்லையாயின் ஒரு காட்சியிலிருந்து மறு காட்சிக்குப் படம் துள்ளும்.

இவையாவும் தொழில்நுட்ப இடர்கள். பழகப் பழகத் தீர்வன. பழக்கத்தால் தீராத இடர் ஒன்று உண்டு. குலெஷோவ் செய்த ஒரு சோதனை பலர் அறிந்தது. ஒரு நடிகரின் உணர்ச்சி காட்டாத முகத்தை ஓரிடத்தில் உணவுக் கிண்ணத்தோடும், ஓரிடத்தில் சவப்பெட்டியோடும் சேர்த்தார். முகம் ஒன்றே, ஆனால் கண்டவர்கள் ஒன்றில் பசியையும் மற்றொன்றில் துயரத்தையும் கண்டனர். பொருள் முகத்தில் மட்டும் இல்லை. முகத்துக்கு அடுத்து எதை ஒட்டுகின்றோம் என்பதிலும் உள்ளது. தொகுப்பவன் கையிலுள்ள வல்லமை இதுவே.

அந்த வல்லமையைத் திருகோணமலைக் கரையில் வைத்து எண்ணிப் பார்க்கவேண்டும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. நீண்ட போரும் இம்மாவட்டத்து வீடுகளில் தன் வடுவை விட்டுச் சென்றது. கரையில் அமர்ந்து கடலைப் பார்க்கும் ஒரு மூதாட்டியை மாணவர் படம்பிடிக்கின்றனர் எனக் கொள்ளலாம். அவள் தன் மகனின் தோணி வருகின்றதா என்று பார்த்திருக்கலாம். மீன் விலையை எண்ணிக்கொண்டும் இருந்திருக்கலாம். அந்த முகத்துக்கு அடுத்துச் சீறிவரும் ஓர் அலையை ஒட்டி, மெல்லிய குழலோசையையும் சேர்த்துவிட்டால், அவள் பிள்ளையை இழந்த தாயாகிவிடுவாள். அரங்கிலே கண்ணீர் பெருகும், பரிசும் கிடைக்கலாம். ஆனால் அது பொய். அவள் சொல்லாத துயரத்தை அவள் தலையில் ஏற்றிய பொய். உண்மையாகவே இழப்பைச் சுமப்பவளாயின், அதனை ஊரறியக் காட்டுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை அவளுக்கே உரியது.

ஆகவே தொகுப்பு முடிந்ததும் முதற் காட்சி, போட்டி நடுவர்க்கு உரியதன்று. படத்தில் முகம் காட்டியவர்களுக்கே உரியது. வாடியின் முன் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, இழுத்தவர்களையும் அம்பா பாடியவரையும் அந்த மூதாட்டியையும் அமரச்செய்து, படத்தை ஓட்டிக் காட்டவேண்டும். "தம்பி, மடியை முதலில் காட்டிப்போட்டுத் தோணியைப் பிறகு விட்டிருக்கிறீர்களே" என்று ஒருவர் சிரிக்கலாம். "என்னை ஏன் அழுகிறவள்போல் காட்டியிருக்கிறாய், மகனே?" என்று அவள் கேட்கலாம். எந்த ஆசிரியரும் சொல்லித்தர முடியாத பாடங்கள் இவை. அந்தக் கேள்விகளைக் கேட்டபின் மாணவர் மீண்டும் மேசைக்குச் சென்று இரண்டு துண்டுகளை இடம் மாற்றுவாராயின், அவர் எடுத்த குறும்படம் முடிந்தது எனலாம்.